'வராது' என்று பதில் எழுதுகிறவன்

நாலாவது மாடியில் அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் கல்லுளிமங்கன். நாளடைவில் தேய்ந்து கல்லுளி ஆயிற்று. திட்டுவதற்காக வைத்த பெயர் இல்லை. மாதத்துக்கு ஒரு தடவையாவது எங்களில் ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கழிப்பறைக்கு ஓடுவார். அவன் மட்டும் ஒரு நாளும் எழுந்து ஓடியதில்லை. அந்த மரியாதைக்காக வைத்தது.

எங்கள் வேலை இதுதான். எங்கேயோ ஒருவர் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, இது சரியில்லை என்று புகார் கொடுப்பார். அது எங்கள் திரைக்கு வரும். நாங்கள் பார்த்து, 'நீக்கு' அல்லது 'இருக்கட்டும்' என்று முடிவு செய்ய வேண்டும். ஒன்றுக்குச் சராசரியாக அரை நிமிஷம் தருவார்கள். அடிதடி, விபத்து, வாயில்லாத ஜீவன்களை வதைப்பது, சில நாட்களில் அதற்கும் மேலே. சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்போம். சத்தம் இல்லாவிட்டால் பாரம் பாதி என்று முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நான் அங்கே இருந்தது நாலு வருஷம், அவனுக்கு அடுத்த நாற்காலியில். அவன் ஆறு வருஷம் இருந்தான்.

வேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு கையில் டீ இருக்கும், மறு கை விசையில் இருக்கும், முகம் பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் முகமாக இருக்கும். அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே எனக்குத் தைரியமாக இருந்தது. இப்போது யோசித்தால், அது தைரியம்தானா என்று தெரியவில்லை.

அவன் மனைவிக்கு ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. ஏழு வயதில் ஒரு மகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பிள்ளை வாசல் சந்தில் சைக்கிள் பழகும்போது விழுந்து முழங்கால் கிழிந்துவிட்டது. அலறல் கேட்டு முதலில் போனவன் இவன்தான். குனிந்து பார்த்தான். பின்னால் ஓடிவந்த மனைவியிடம் நிதானமாகச் சொன்னான்: "ரத்தம் இருக்கு. சின்னப் பிள்ளை. யாரும் வேணும்னு பண்ணல."

எங்கள் திரையில் ஒவ்வொரு வீடியோவுக்குப் பக்கத்திலும் வருகிற கேள்விகள் அவை. ரத்தம் உண்டா, சிறுவரா, வேண்டுமென்றே செய்ததா. அதே வரிசை.

மனைவி வேடிக்கை பண்ணுகிறான் என்றுதான் நினைத்தாள். முகத்தைப் பார்த்ததும் அது வேடிக்கை இல்லை என்று தெரிந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் கழுவி, மருந்து வைத்துக் கட்டிவிட்டுத் திரும்பி வந்து கேட்டாள்.

"உங்களுக்கு என்ன ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் ஆகலையே."

"அதைத்தான் கேக்குறேன். நான் ஒரு நாளைக்கு அறுபது பேருக்கு ஊசி குத்துறேன். ஒவ்வொருத்தருக்கும் குத்தும்போது எனக்குள்ள சுருக்குன்னுது. பெத்த பிள்ளை காலு பிளந்து கிடக்கு, உங்களுக்கு ஒண்ணுமே ஆகலையா?"

அவன் சந்தில் கிடந்த சைக்கிளை நிமிர்த்திக் கொண்டுவந்து வைத்தான். பதில் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பான், ஒளித்து வைக்கிற ஆள் இல்லை.

அதற்கு இரண்டு மாதம் கழித்து எங்கள் மாடியையே மூடிவிட்டார்கள். நாங்கள் பார்த்த வேலையை இனி இயந்திரம் பார்க்கும் என்றார்கள். ஆளுக்கொரு தோள்பையும் ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். நான் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் ஒட்டிக்கொண்டேன். கல்லுளி வீட்டில் இருந்தான். காலை ஒன்பது மணிக்குக் குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து போனை எடுப்பான். கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே இருப்பான். சிரிப்பு, பாட்டு, பூனை, சண்டை, சமையல், எது வந்தாலும் அரை நிமிஷம், அடுத்தது. மாலை ஆறு மணிக்குப் போனைக் கவிழ்த்து வைப்பான்.

"வேலை போயிடுச்சு, ஷிப்ட் மட்டும் போகல" என்று மனைவி என்னிடம் போனில் சொன்னாள். சிரிக்கத்தான் சொன்னாள். இருவரும் சிரிக்கவில்லை.

காகிதத்திரை போனைக் கண்டுபிடித்தது அவள்தான். ரத்தம் கொடுக்க வந்த ஒருவர் வரிசையில் உட்கார்ந்து கையில் எதையோ வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். பார்த்தால் போன். திரையில் வெளிச்சம் இல்லை, நிறம் இல்லை. காகிதத்தில் அச்சடித்த மாதிரி சாம்பல் பின்னணியில் கறுப்பு எழுத்து. பேசலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம், அலாரம் வைக்கலாம், குறிப்பு எழுதலாம், அவ்வளவுதான் என்றாராம். அவள் கம்பெனி பெயரைக் கையுறை உறையின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்து கணவனிடம் கொடுத்தாள்.

அவன் வாங்குவதற்கு முன்னால் கம்பெனிக்கு மின்னஞ்சலில் ஒரு கடிதம் எழுதினான். அதில் பதினோரு கேள்விகள். வீடியோ ஓடுமா? தேடிப் போய் முயன்றால் ஓட வைக்க முடியுமா? கெட்டிக்காரன் ஒருவன் கையில் கிடைத்தால்? பிற்பாடு புதுப்பிக்கிறோம் என்று சொல்லி நீங்களே அதை உள்ளே கொண்டு வந்துவிடுவீர்களா? இப்படியே எல்லாம்.

மறுநாளே கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். பேசியது கம்பெனி முதலாளி, முப்பது வயதுப் பெண், இன்ஜினியர்.

"சார், எங்ககிட்ட எல்லாரும் இது வருமா அது வருமான்னுதான் கேப்பாங்க. வராம இருக்குமான்னு கேட்ட முதல் ஆள் நீங்க. என்ன வேலை பாக்குறீங்க?"

"இப்போ எதுவும் இல்ல."

"வாங்குறவங்க கேள்விக்குப் பதில் எழுத ஆள் தேடிக்கிட்டிருக்கேன். வரீங்களா?"

போனான். ஒரு செருப்புக்கடைக்கு மேலே இரண்டு அறை. ஒன்றில் முதலாளியும் இரண்டு இன்ஜினியர்களும், கம்பியும் திருப்புளியுமாக. மற்றதில் அட்டைப்பெட்டிகள், ஒரு மேசை, இவன். திரையில் கேள்விகள் வந்து விழும். இவன் பதில் எழுதுவான். உட்கார்ந்த இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைப் பார்த்து முடிவு சொல்கிற வேலை என்பதால் கை சட்டென்று பழகிவிட்டது.

அங்கே வந்த கேள்விகளை அவன் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தான். எனக்குக் காட்டினான். வாட்ஸப் வருமா? வராது. வங்கியிலிருந்து வருகிற ரகசிய எண் வருமா? குறுஞ்செய்தியாக வந்தால் வரும். வரைபடம் உண்டா? வழி எழுத்தில் வரும், படமாக வராது. வெயிலில் தெரியுமா? வெயிலில்தான் நன்றாகத் தெரியும். இருட்டில்? ஓரத்தில் சின்ன விளக்கு இருக்கிறது, வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம். கீழே விழுந்தால்? உடையும், சாதாரண போனைவிடச் சுலபமாக உடையும். தட்டச்சு ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது? திரையின் குணம் அது, மாறாது. ஒரு தடவை சார்ஜ் போட்டால் எத்தனை நாள்? பேச்சைப் பொறுத்தது, குறைவாகப் பேசினால் ஐந்து நாள். பக்கம் மாறிய பிறகும் பழைய எழுத்து லேசாகத் தெரிகிறதே, ரிப்பேரா? ரிப்பேர் இல்லை, பக்கவாட்டுப் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால் போய்விடும்.

ஒரு பெண் எழுதியிருந்தாள்: "இதை வாங்கிக் கொடுத்தால் என் கணவர் சாப்பிடும்போது என்னோடு பேசுவாரா?" இவன் பதில்: "அதற்கு உத்தரவாதம் தர முடியாது. திருப்பி அனுப்ப முப்பது நாள் அவகாசம் உண்டு."

முதலாளி இதைப் படித்துவிட்டு, திருப்பி அனுப்புவது போனையா கணவரையா என்று கேட்டுச் சிரித்தாள். இவன் தலையைத் தூக்கி, "போனைத்தான்" என்றான். கூடவே அவள் ஒரு குறையும் சொன்னாள்.

"வராது, முடியாது, உடையும்னு மொட்டையா போடுறீங்களே. கொஞ்சம் பக்குவமா எழுதக் கூடாதா?"

"பக்குவமா எழுதினா வரும்னு நினைச்சு வாங்கிடுவாங்க மேடம்."

அவள் வாதாடவில்லை. இரண்டு மாதத்தில் திரும்பி வருகிற பெட்டிகள் பாதியாகக் குறைந்ததும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள்.

வீட்டில் பெரிய மாற்றம் இல்லை. கையில் சாம்பல் நிறப் போன் இருந்தது. கட்டைவிரலுக்குத் தள்ள ஒன்றும் இல்லாததால் அது சும்மா கிடந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடக் கதை சொல்வாள், கேட்பான். கேட்டுவிட்டு "சரி" என்பான். முன்பு அந்தச் 'சரி'கூட வராது என்று மனைவி சொன்னாள்.

ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு மேசைத் தொலைபேசி அடித்தது. எழுதத் தெரியாதவர்களும் எழுதப் பிடிக்காதவர்களும் அதில் கூப்பிடுவார்கள். மறுமுனையில் ஏதோ பெரிய இயந்திரம் சுற்றுகிற இரைச்சல். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் குரல்.

"தம்பி, இந்தப் போன்ல வீடியோ வராதுன்னு சொன்னாங்க. நெசமாவே வராதா?"

"வராதுங்க."

"நானா அனுப்பச் சொல்லாம, யாராவது அனுப்பிட்டா?"

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் வராது என்று சொல்லி முடித்திருப்பார்கள். இவன் உண்மையைச் சொன்னான். "வீடியோ ஓடாது. ஆனா அதோட முதல் காட்சி மட்டும் சின்னதா, கறுப்பு வெள்ளையில ஒரு படமாத் தெரியும்."

"அந்த முதல் காட்சியே போதுமே தம்பி, என்னைக் கொல்ல" என்றார் அந்தப் பெண்.

பிறகு சொன்னார். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. ஒரே தம்பி. அப்பா அம்மா போன பிறகு இவர்தான் வளர்த்தார். தம்பிக்கு விளம்பரப் பலகை மாட்டுகிற வேலை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஒரு துணிக்கடையின் நாலாவது மாடி உயரத்தில் பலகை மாட்டும்போது கயிறு அறுந்து விழுந்து இறந்துபோனான். கடைத்தெருவில் பட்டப்பகல். யாரோ படம் பிடித்தார்கள். அது ஊரெல்லாம் போயிற்று. இன்னமும் போகிறது. 'உயரத்தில் வேலை செய்வோர் கவனத்துக்கு' என்று எழுதி நல்ல எண்ணத்தோடு யார் யாரோ அனுப்புகிறார்கள். போன வாரம், உடன் வேலை பார்க்கும் ஒருத்தி, அது இவர் தம்பி என்று தெரியாமல் இவருக்கே அனுப்பிவிட்டாள்.

துணிக்கடை என்ற வார்த்தையிலேயே கல்லுளிக்கு அது எந்த வீடியோ என்று தெரிந்துவிட்டது. மஞ்சள் தலைக்கவசம். நாற்பத்தொரு வினாடி. அந்த வாரத்தில் அதன் பிரதிகள் எங்கள் மாடிக்கு இருநூறுக்குமேல் வந்தன. நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் முதல் பிரதி வந்தது அவன் திரைக்கு. பொது இடம், விபத்து, அருகில் நெருங்கிக் காட்டவில்லை. அப்போதைய விதிப்படி செய்தி. 'இருக்கட்டும்' என்ற விசையை அமுக்கினான். மூன்று நாள் கழித்து விதி மாறியது. அதற்குள் அது எங்கெங்கோ பரவிவிட்டது.

"போன்ல அந்த அம்மா சொன்னப்போ உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று அவனிடம் கேட்டேன்.

"எப்படியும் இல்ல. மேசையில இருந்த காகிதத்துல நாப்பத்தொண்ணுன்னு எழுதியிருந்தேன். எழுதினது தெரியல."

தொலைபேசியில் அவன் சொன்னது ஒன்றுதான். "இப்போ வாங்காதீங்க அக்கா. நான் கேட்டுட்டு சொல்றேன்."

முதலாளியிடம் போய், அந்தச் சின்னப் படம்கூட வராமல் செய்ய முடியுமா என்று கேட்டான். அவள் தலையைச் சொறிந்தாள்.

"ஒருத்தருக்காகவா?"

"கேட்டது ஒருத்தர். கேக்காதவங்க எத்தனை பேர்னு தெரியாது."

காரணம் என்ன என்று அவள் கேட்டாள். சொன்னான், தன் பங்கையும் சேர்த்து. அவள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள். செய்ய இரண்டு வாரம் ஆயிற்று.

அந்த முதல் போனை அவனே எடுத்துக்கொண்டு போனான். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் சலவைக்கூடம். உள்ளே போனதும் அவன் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது. ஒரு பக்கம் ஆளுயர இயந்திரங்கள். மறு பக்கம் நீண்ட மேசையில் வெள்ளை விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடந்தன. அக்கா ஒல்லியாக, முழங்கை வரை சிவந்த கைகளோடு இருந்தார். ஒரு பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னார். வெந்நீர்க் குழாயடியில் டீ போட்டுக் கொடுத்தார்.

பழைய போனிலிருந்து எண்களை அவன் ஒவ்வொன்றாக ஏற்றினான். மொத்தம் பத்தொன்பது. மேஸ்திரி, பால், வீட்டுக்காரர், ஆஸ்பத்திரி மேல்மாடி. பதினாலாவது, 'தம்பி' என்று இருந்தது.

"இதையும் ஏத்தணுமா அக்கா?"

"ஏத்துங்க."

ஏற்றினான். எல்லாம் முடிந்ததும் அவர் போனைக் கையில் வாங்கி, திரையை விரலால் தடவிப் பார்த்தார். "காகிதம் மாதிரிதான் இருக்கு" என்றார். பிறகு கேட்டார்: "ஒரு போனுக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கீங்களே தம்பி, எல்லாருக்கும் இப்படிப் போவீங்களா?"

போகமாட்டான். அதைச் சொன்னான். பழைய வேலை என்ன என்று சொன்னான். "அந்த வீடியோ முதல்ல வந்தது என்கிட்ட. இருக்கட்டும்னு விட்டது நான்தான்."

அக்கா ஒரு விரிப்பை எடுத்தார். நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், அடுக்கில் வைத்தார். இன்னொன்றை எடுத்தார்.

"எத்தனை தடவை பாத்தீங்க?"

"முப்பது, நாப்பது இருக்கும்."

"நான் ஒரே தடவை. அதுவும் பாதி. அவன் கை நழுவுற வரைக்கும்." விரிப்பை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "அதுக்கப்புறம் என்ன இருக்கு?"

கல்லுளி சொல்ல ஆரம்பித்தான். அவனுக்குக் கூட்டவும் தெரியாது, குறைக்கவும் தெரியாது. கூட்டம் பின்வாங்கியது. ஒரு பெண்மணி, கையில் காய்கறிப் பை, பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். தரையில் உட்கார்ந்தார். விழுந்தவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். தன் மேல்துண்டை எடுத்து முகத்துக்கு வெயில் படாமல் பிடித்தார். குனிந்து அவன் காதில் என்னவோ பேசிக்கொண்டே இருந்தார். அவன் விரல்கள் அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தன. கடைசியில் அவர் நிமிர்ந்து, படம் பிடிக்கிறவரைப் பார்த்து ஏதோ கத்தி, கையை நீட்டினார். கை திரையை மறைத்தது. அதோடு முடிந்துவிட்டது.

"என்ன பேசினாங்க?"

"தெரியல அக்கா. சத்தத்தை அணைச்சிட்டுத்தான் பாப்போம்."

"அப்போ அவன் தனியா கிடக்கல."

"இல்ல."

"ஒருத்தரும் என்கிட்ட இதைச் சொல்லலையே. விழுந்தான் விழுந்தான்னுதானே சொன்னாங்க."

இதைக் கேட்டபோது நானும் யோசித்துப் பார்த்தேன். அதே வீடியோவை இருபது தடவையாவது பார்த்திருப்பேன். எனக்கும் அந்தப் பெண்மணி நினைவில் இல்லை. விழுந்ததுதான் இருக்கிறது.

அக்கா விரிப்பை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். எடுத்தபோது முகம் இறுகியிருந்தது.

"யாரோ ஒரு அம்மா, பேரு தெரியாது ஊரு தெரியாது, பாக்காதீங்கன்னு கையை நீட்டி மறைச்சிருக்காங்க. அதைப் பாத்துட்டுமா நீங்க விட்டீங்க?"

"ஆமா."

"அப்போகூட உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

"தோணல அக்கா."

அவர் அவனையே பார்த்தார். திட்டுவார் என்று இவன் காத்திருந்தான். அவர் திட்டவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. அழுக்கான விரிப்பைத் தனியாகக் கூடையில் போட்டார்.

"சரி, போயிட்டு வாங்க. எனக்கு வேலை கிடக்கு."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றான். அவன் ஏற வேண்டிய பஸ் மூன்று தடவை வந்து போயிற்று. அழுகை வரவில்லை. நெஞ்சு அடைக்கவில்லை. காலைத் தூக்கிப் படியில் வைக்க வேண்டும் என்பது மட்டும் ஏனோ தோன்றவில்லை என்றான். நாலாவது பஸ்ஸில், நடத்துனர் "ஏறுறீங்களா இல்லையா?" என்று அதட்டிய பிறகு ஏறினான்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னான். அந்த ஒன்றை மட்டும் அல்ல, ஆறு வருஷத்தையும். சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது தொடங்கினான். மகள் பக்கத்து வீட்டில் விளையாடப் போயிருந்தாள். தேதி, நிறம், எத்தனை வினாடி, எல்லாம் வரிசையாக வந்தன. அவள் நடுவில் நிறுத்தவில்லை. கடைசியில், "இதையெல்லாம் உள்ள வெச்சுக்கிட்டா எங்களோட சோறு தின்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் தனக்குத் தெரிந்த மனநல மருத்துவரிடம் புதன்கிழமை நேரம் வாங்கினாள். அவன் மறுக்கவில்லை. சந்தோஷமாகவும் போகவில்லை. போகிறான்.

குணமாகிவிட்டானா என்று கேட்டால், எனக்குத் தெரிந்து இல்லை. இந்த வருஷம் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. மனைவியே எடுத்தாள். பிள்ளையின் கையைப் பிடித்திருந்தவன், ஊசி தோலைத் தொட்ட நேரம் சட்டென்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டானாம். மனைவி என்னிடம் இதை இரண்டு தடவை சொன்னாள். அவனிடம் கேட்டால், "அப்படியா, கவனிக்கல" என்கிறான்.

கம்பெனியின் கேள்வி பதில் பட்டியலில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது. 'பிறர் அனுப்பும் படங்கள் தெரியுமா? தெரியாது. வேண்டும் என்று நீங்களே போய் மாற்றினால் மட்டும் தெரியும்.' அதைப் படித்துவிட்டு வாங்குகிறவர்கள் முதலாளி நினைத்ததைவிட அதிகம். ஏன் வாங்குகிறார்கள் என்று அவன் யாரிடமும் கேட்பதில்லை.

சலவைக்கூடத்து அக்கா அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை கூப்பிட்டார், எட்டு மாதம் கழித்து. நான் அன்று அவனைப் பார்க்கப் போயிருந்ததால் பக்கத்தில் இருந்தேன். பழைய பேச்சு எதுவும் இல்லை.

"தம்பி, இதுல ரேடியோ வருமா?"

"வரும் அக்கா. காதுல மாட்டுற ஒயரைச் செருகினா வரும். அதுதான் ஏரியல்."

"ஒயரு எங்க கிடைக்கும்?"

"எந்தக் கடையிலயும் கிடைக்கும். உருண்டை முனை இருக்கிறதா பாத்து வாங்குங்க. தட்டை முனை சேராது."

"உருண்டை முனை" என்று அவர் திருப்பிச் சொன்னார், எழுதிக்கொள்கிற மாதிரி. "சரி, வைக்கிறேன்."

அவன் தொலைபேசியை வைத்துவிட்டு, எனக்கு டீ சொல்லட்டுமா என்று கேட்டான். சொல்லு என்றேன். டீ வருவதற்குள் திரையில் அடுத்த கேள்வி வந்திருந்தது. இடது கைக்காரர்கள் பயன்படுத்தத் தோதாக இருக்குமா என்று யாரோ கேட்டிருந்தார்கள். அவன் தன் போனை இடது கைக்கு மாற்றி, கொஞ்ச நேரம் அழுத்திப் பார்த்துவிட்டுப் பதில் எழுத ஆரம்பித்தான்.